அகலப் பாத்திரம்

மூன்று நாள் விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலை. மணி எட்டேகால். கரைசல் கூடத்துக்குப் போகும் தாழ்வாரத்தில் மீட்டர் அக்கா பாதி தூரம்கூட நடந்திருக்கமாட்டாள், கையிலிருந்த கருவி சத்தம் போட ஆரம்பித்தது.

அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய் அளவு குறிப்பதுதான் பதினொரு வருடமாக அவள் வேலை. மீட்டர் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். நியூட்ரான்களை எண்ணும் கருவி அது. ஒன்று வந்து மோதினால் ஒரு 'டிக்'. இந்தத் தாழ்வாரத்தில் நிமிடத்துக்கு இரண்டு டிக், மிஞ்சிப் போனால் மூன்று. பல நாள் அது வேலை செய்கிறதா இல்லையா என்று தட்டிப் பார்த்திருக்கிறாள். இன்று அது மழைத் தூறல் தகரத்தில் விழுவதுபோல் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டடி முன்னால் வைத்தாள், தூறல் வலுத்தது. பின்னால் வைத்தாள், குறைந்தது. பேட்டரி கோளாறு ஆள் நடக்கிற பக்கம் பார்த்து ஏறி இறங்காது.

கூடத்தின் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே வரிசையாக நிற்கும் ஒல்லிக் குழாய்களுக்குக் கீழே அவளுடைய கொழுந்தன் குனிந்துகொண்டிருந்தான். அவன் முன்னால் தரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். துணி ஊறவைக்கிற மாதிரி வாயகன்ற டப். அதில் விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை மஞ்சள் கரைசல். மேலே ஒரு குழாய் இணைப்பிலிருந்து நூல்போல் ஒழுகி அதிலேயே விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கை கொடுத்து டப்பைத் தூக்க அவன் தயாராகிக்கொண்டிருந்தான்.

அவன் குனிந்த அளவுக்குக் கருவியின் சத்தம் ஏறியது. டிக்குகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல் போய், துணி கிழிபடுவதுபோல் ஒரே சத்தமாகிவிட்டது.

அவளுடைய கால்கள் தாமாகவே திரும்பின. தாழ்வாரத்தில் நாலைந்து அடி ஓடிவிட்டாள். எப்படி ஓடினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வாசலுக்கு வந்தாள். உள்ளே காலை வைக்கவில்லை. கத்தினால் அவன் திடுக்கிட்டுத் திரும்புவான், டப் அலம்பும். அதனால் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"தம்பி, அதைத் தூக்காதே. கையை மெதுவா எடு."

"கொட்டிட்டு வந்துடறேன் அண்ணி, வழியப் போகுது."

"கையை எடு. நிமிரு. அப்படியே பின்னாடி நடந்து வா. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

அண்ணி காரணம் சொல்லாமல் எதையும் சொல்லமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் பயந்தான். கையை எடுத்தான். ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினான். அவன் விலக விலகக் கருவியின் கிழிசல் சத்தம் தனித்தனி டிக்குகளாகப் பிரிந்தது. அவன் வாசலைத் தாண்டியதும் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பது வயதை நெருங்குகிற பெண் முப்பது வயதுக்காரனை அப்படி இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்த வாசல் காவலாளி, குடும்பச் சண்டை ஆலைக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தாராம்.

அவனை ஆலையில் எல்லோரும் சுத்தம் என்று கூப்பிடுவார்கள். குழாய் ஃபிட்டர். ஸ்பேனரைக்கூடத் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பான். வேலைக்குச் சேர்த்துவிட்டவள் அவள்தான். சும்மா திரிந்துகொண்டிருந்த தம்பியைப் பற்றி அவள் கணவர் புலம்பாத நாளில்லை. மாமியாரோ மருமகளிடம் நேராகவே கேட்டுவிட்டாள், உன் ஆலையில் ஒரு இடம் பார்க்கக்கூடாதா என்று. பார்த்தாள். இரண்டு வருடம் முன்னால்.

விடுமுறைக்கு முந்தின நாள் அந்த இணைப்பில் கசிவு தொடங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் வளையத்தை மாற்ற வேண்டும் என்று சுத்தம் ஃபோர்மேனிடம் சொன்னான். விடுமுறை முடிந்து பார்க்கலாம் என்றார் ஃபோர்மேன். கரைசல் உறைந்து படியாமலிருக்க பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. தரையெல்லாம் மஞ்சளாகிவிடுமே என்று இவன் துப்புரவு அறையிலிருந்து ஒரு டப்பைக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

அந்தக் கூடத்தில் பாத்திரங்களெல்லாம் கை அகலத்துக்கு மேல் போகாத ஒல்லிக் குழாய்களாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆராய்ச்சி உலைக்காகச் செய்யும் செறிவூட்டிய யுரேனியக் கரைசல் அது. தரைகூட மேடு பள்ளம் இல்லாமல் இழைத்திருப்பார்கள், கொட்டினால் தோசை மாதிரி மெல்லிசாகப் பரவட்டும் என்று. பரவிக் கிடந்தால் ஆபத்தில்லை. குவிந்தால்தான் ஆபத்து. அவன் தரையை அழுக்காக விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கட்டடத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். அவர்கள் இருவரையும் முதலுதவி அறையில் உட்காரவைத்து, உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பச்சை நிறத் தளர் உடை கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று பதிந்து வைக்க மார்பில் குத்தியிருந்த கதிர்ப்பட்டைகளைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று மணி நேரம் ஆகும் என்றாள் நர்ஸ். சுவரில் ஒரு கடிகாரமும், கை கழுவும் முறையைக் காட்டும் படமும் தவிர அந்த அறையில் பார்க்க எதுவுமில்லை.

சுத்தம் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சூடாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்றான். அவள் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

வாந்தி வருகிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டாள். நீங்கள் கேட்கிறதில்தான் வந்துவிடும்போல இருக்கிறது என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கதிர்வீச்சை நிறைய வாங்கியிருந்தால் முதல் அறிகுறி வாந்திதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவன் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அவள் அவன் தொண்டையையே பார்த்தாள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் கேட்டான். "அதுல அப்படி என்னதான் அண்ணி இருக்கு? நெருப்பு இல்ல, கொதிக்கல. ஜூஸ் மாதிரி கெடந்துச்சு."

வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த பயிற்சி வகுப்பில் பின் வரிசையில் தூங்கியதை அவனே ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதை இப்போது சொல்லிக்காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பேசிக்கொண்டிருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமலாவது இருக்கலாம்.

யுரேனிய அணுவின் நடுவில் இருக்கிற கரு ரொம்பப் பெரிசு, தாங்க முடியாத பாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நிற்கிறது, அதற்குள் ஒரு நியூட்ரான் நுழைந்தால் இரண்டாகப் பிளந்துவிடும் என்றாள். இரண்டு துண்டிலும் ஒரே வகை மின்சாரம். ஒன்றை ஒன்று கண்டாலே ஆகாது. பிளந்த மறுகணம் எதிரெதிராக விழுந்தடித்துக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தில் பக்கத்தில் இருப்பதையெல்லாம் இடித்துத் தள்ளும். அந்த இடிதான் சூடு.

"துண்டு ரெண்டையும், கூடத் தெறிச்சதையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தா, பழைய எடை வராது. ஒரு துளி குறையும்."

"குறைஞ்சது எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அந்த வேகமா மாறிடுச்சு. துளி எடைக்கு அவ்வளவு சக்தி. விறகு எரியறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

ஒரு அணு பிளந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது என்றாள். ஆனால் பிளக்கும்போது இரண்டு மூன்று புது நியூட்ரான் தெறிக்கும். ஒல்லிக் குழாயில் அவற்றில் பெரும்பாலானவை பக்கவாட்டில் வெளியே ஓடிப்போகும். அகலமான பாத்திரத்தில் வெளியே போக வழி தூரம். போகிற வழியில் இன்னொரு கருவில் மாட்டும். அதிலிருந்து இரண்டு, அதிலிருந்து நாலு. கண் இமைக்கும் நேரத்துக்குள் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு. நீல வெளிச்சம் ஒன்று அடிக்கும், அந்தக் கதிர்வீச்சில் பக்கத்தில் நிற்கிற ஆள் பிழைப்பது கஷ்டம். சுவரில் இருக்கிற சைரன் அதற்கு அப்புறம்தான் கத்தும்.

"நான் கிட்டப் போனா ஏன் சத்தம் ஏறிச்சு?"

இதைக் கேட்கமாட்டான் என்று அவள் நம்பியிருந்தாள். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தப்பித்து வெளியே வருகிற நியூட்ரானை அது சுவர் மாதிரித் திருப்பி உள்ளேயே அனுப்பும் என்றாள். அவன் உடம்பே டப்புக்கு இன்னொரு மூடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி முடித்தபோது அவன் தன் மார்பைத் தொட்டுக்கொண்டான். டப்பை எங்கே அணைத்துத் தூக்கியிருப்பான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் அவளால் அடக்க முடியாமல் அதையும் சொன்னாள். உன்னைப் பார்த்ததும் நான் கூப்பிடவில்லை, முதலில் ஓடினேன் என்றாள். உன் அண்ணன் முகமோ அத்தை முகமோ எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை, கால் மட்டும் ஓடியது என்றாள்.

"தெரியும்," என்றான். "குனிஞ்சிருந்தேன்ல, காலுக்கு நடுவுல வாசல் தெரிஞ்சுது. உங்க ஷூ போச்சு. எங்கயோ அவசரமாப் போறீங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஷூ திரும்பி வந்துச்சு." உள்ளங்கைகளைப் பார்த்தபடியே, "திரும்பி வராம இருந்திருந்தா தூக்கியிருப்பேன்," என்றான்.

பத்து மணிக்குக் கெமிஸ்ட் உள்ளே வந்தார். கரைசல் செய்முறைக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். எப்போதும் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார், சாதாரணமாக மெதுவாகப் பேசுகிறவர். இப்போது வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பம்பை நிறுத்தியாகிவிட்டது, மேல் வால்வையும் மூடியாகிவிட்டது, ஆனால் நெடுங்குழாயில் ஏற்கெனவே நிற்கிற கரைசல் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது என்றார். பக்கத்து அறைக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடிகிறது. ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டுக்கு ஆறு விநாடி. டப்பில் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம். முதல் கணக்கில் ஒன்றரை லிட்டர் என்று வந்தது. இன்னொருவர் போட்டதில் அரை லிட்டர். மூன்றாவது முறை யாரும் போடவில்லை.

ஃபோர்மேன் ஒரு நீளக் கம்பால் தள்ளிக் கவிழ்த்துவிடலாமே என்றிருக்கிறார். தரையில் பரவினால் பத்திரம்தானே. கவிழும்போது முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆழமாகக் குவியும், அந்த இரண்டு விநாடியில் என்ன ஆகும் என்று யாரால் சொல்ல முடியும் என்று கெமிஸ்ட் கேட்டதும் அந்த யோசனையை விட்டுவிட்டார்கள். உறிஞ்சி எடுப்பதுதான் வழி. பக்கத்து அறைச் சுவரில் குழாய் போகிற துவாரம் ஒன்று உண்டு. அது வழியாக நீளக் கழி விட்டு, அதன் நுனியில் ரப்பர் குழாயைக் கட்டி டப்பில் இறக்கி, இந்தப் பக்கம் ஒல்லிப் பாட்டில்களில் இழுக்கலாம். நடுவில் முழங்கை நீளத்துக்கு கான்கிரீட் இருக்கிறது. கழியைப் பிடிக்க உள்ளே இருக்கிற குழாய்களின் வளைவு நெளிவு தெரிந்த கை வேண்டும்.

"நான் பிடிக்கிறேன்," என்றான் சுத்தம்.

அவனுடைய கதிர்ப்பட்டை முடிவே இன்னும் வரவில்லை, கூடாது என்றார் கெமிஸ்ட். வேறு யாருக்கு அந்த வளைவு தெரியும் என்று இவன் கேட்டான். ஃபோர்மேனுக்குத் தெரியும். ஆனால் அவருக்குக் கை உதறிக்கொண்டிருந்தது, தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்காமல் மேசையில் வைத்தே குனிந்து குடித்தார். கடைசியில் மீட்டர் அக்காவும் எழுந்தாள். சத்தத்தைக் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டுமே. பச்சை உடையின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பக்கத்து அறையில் நாலு பேர் மட்டும். ஃபோர்மேன் உறிஞ்சும் பம்புக்கு அருகில், கெமிஸ்ட் பாட்டில்களுக்கு அருகில். ஒவ்வொரு பாட்டிலையும் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார். சுத்தம் துவாரத்தில் கழியை நுழைத்தான். அக்கா கருவியைக் கண்ணாடியோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பார்த்தால் பயம் கூடும், கேட்டால் போதும்.

டிக், டிக், டிக். சீராக இருந்தது. கழி குழாய்களுக்கு நடுவே நெளிந்து போனது. இன்னும் ஒரு அடி என்றான் அவன். வியர்வை அவன் மூக்கு நுனியில் நின்றது, துடைக்கக் கை இல்லை. கழி நுனி தாழ்ந்தது. திடீரென்று பிளாஸ்டிக்கில் மோதிய சத்தம் கேட்டது.

உள்ளே டப் அசைந்தது. கரைசல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. கருவி மறுபடி துணி கிழிபடுவதுபோல் கத்தியது. சத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது, அலைக்கு ஏற்றபடி.

"அசையாதே," என்றாள். "இழுக்கவும் வேணாம், தள்ளவும் வேணாம்."

அவன் அசையவில்லை. ஃபோர்மேன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். யாருடைய மூச்சோ சத்தமாகக் கேட்டது, அது தன்னுடையதுதான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. நீல வெளிச்சம் மூடிய கண் இமை வழியாகவும் தெரியுமாமே என்று நினைத்தாள். இருட்டாகத்தான் இருந்தது. இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. அலை அடங்க எத்தனை விநாடி ஆனதோ. கிழிசல் தூறலாகியது.

"இப்ப இறக்கு. தொடாம."

ரப்பர் குழாய் மஞ்சளுக்குள் நுழைந்தது. ஃபோர்மேன் பம்பைப் போட்டார். முதல் பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறியது. சத்தம் குறையவில்லை. இரண்டாவது பாட்டில். குறையவில்லை என்றே தோன்றியது. குறைகிறதா என்று கெமிஸ்ட் கேட்டார். தெரியவில்லை என்றாள், பொய் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. மூன்றாவது பாட்டில் பாதி நிறைந்தபோதுதான் இரண்டு டிக்குக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி வந்தது. அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள்.

டப் காலியாகும்போது பதினொன்றே முக்கால். பதினேழு பாட்டில். சுத்தம் கழியை விட்ட கையை விரிக்க முடியாமல் நின்றான், அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். பிறகு மூலையில் போய் உட்கார்ந்து, காலையிலிருந்து எல்லோரும் பயந்துகொண்டிருந்த அந்த வாந்தியை எடுத்தான். நர்ஸ் ஓடிவந்தாள். அவன் கையை ஆட்டி, ஒன்றுமில்லை, இது வெறும் பயம்தான் என்றான்.

அவன் சொன்னது சரி. கதிர்ப்பட்டை முடிவு வந்தபோது அவனுக்குப் பதிந்திருந்தது ஒரு எக்ஸ்ரே எடுத்த அளவுகூட இல்லை. அவளுக்கு அதிலும் குறைவு. மூன்று மாதம் தொடர்ந்து ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் சரியாகவே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஆலை அறிவித்தது. அது உண்மைதான்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பச்சை உடையிலேயே வீட்டுக்குப் போனார்கள். மாமியார் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்த மாதிரி இருக்கிறீர்களே என்றாள். கணவரிடம் அவள் சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள், ஓடியது உட்பட. கேட்டு முடித்ததும் அவர் தம்பி படுத்திருந்த அறைக்குப் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். நாளைக்கு அவன் போகவேண்டாம் என்றார். நீயும் போகாதே என்றும் சொன்னார். அம்மாவிடம் மட்டும், துணியில் ஏதோ கறை பட்டுவிட்டதாம் என்று சொல்லி வைத்தார்.

சுத்தம் போகவில்லை. நகரத்தின் மறுகோடியில் ஒரு குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலை கிடைத்தது. ஃபோர்மேனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். துப்புரவு அறையில் இருந்த வாளி, டப் எல்லாவற்றிலும் அடியில் ஓட்டை போட்டார்கள். துடைக்கிறவர்கள் ஒரு வாரம் திட்டித் தீர்த்தார்கள்.

விசாரணை அறிக்கை ஆறு மாதம் கழித்து வந்தது. கடைசிப் பக்கங்களில் ஒரு கணக்கு இருந்தது. டப்பை ஒருவர் மார்போடு அணைத்துத் தூக்கியிருந்தால் என்ற தலைப்பில், அவனுடைய உயரம், எடை எல்லாம் போட்டு. ஒரு பிளவு சராசரியாக எத்தனை புதுப் பிளவுகளை உண்டாக்கும் என்ற எண் அது, ஒன்றைத் தாண்டினால் தொடர் பிளவு பற்றிக்கொள்ளும். விடை ஒன்றுக்குமேல் வந்திருந்தது. அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளவில்லை, கொழுந்தனிடம் காட்டவுமில்லை. அவன் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். அவன் கேட்கவில்லை.

மீட்டர் அக்கா திரும்பவும் வேலைக்குப் போனாள். அந்தக் கருவியைக் கேட்கத் தெரிந்த இன்னொரு ஆளைத் தயார் செய்ய ஒரு வருடமாவது ஆகும், அதுவரை அங்கே குனிகிறவர்களை யார் கூப்பிடுவது என்று கணவரிடம் சொன்னாள். அவர் வாதாடவில்லை, ஆனால் அன்றிலிருந்து மத்தியானம் ஒருமுறை போன் செய்கிறார். முதல் நாள் கரைசல் கூடத்துக் கதவுக்கு முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். டிக் ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் உள்ளங்கை வியர்த்து, கருவி நழுவப் பார்த்தது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி இறுக்கிப் பிடித்து, பயத்தோடேயே உள்ளே போனாள்.